ஒரு கணமும் பல கண்களும்

நம் முன்னோர் எழுத்தொலியின் காலத்தை அளக்கப் புகுந்தபோது, கண்ணிமைப்பொழுதையும் கைநொடிப்பொழுதையும் அளவுகோலாகக் கொண்டனர். மாத்திரை என்னும் அவ்வளவை இலக்கணம் பயின்ற மாணவர் யாவரும் அறிவர். செவிக்கு அவ்வளவு போதும். கண்ணுக்கு அது போதாது. கண் ஒருமுறை இமைக்கின்ற அப்பொழுதினுள்ளேயே பந்து வீசுகின்ற ஒருவனுடைய கை தோளளவுக்கு எழுந்து, தலைக்குமேல் வந்து, பந்தை விட்டும் விடுகின்றது. அவன் முறைப்படி வீசினானா, முறைதவறி எறிந்தானா என்னும் வழக்கு முழுவதும் அந்த ஓர் இமைப்பினுள் அடங்கியுளது. இத்தகைய கணத்தை நாம் எவ்வாறு காண்பது? இக்கட்டுரை அதைப் பற்றியது.

இதனை எழுதத் தூண்டிய நிகழ்ச்சியை முதலிற் கூறிவிடுகின்றேன். சில ஆண்டுகளுக்கு முன் கல்முனைப் பகுதியிலுள்ள மைதானமொன்றில் இரு பாடசாலைகளின் அணிகள் பயிற்சியாட்டம் ஆடின. சிறுவன் ஒருவன் சுழற்பந்து வீசினான். இளவயதில் மரத்தினின்று விழுந்து முழங்கை முறிந்தவன் அவன். எலும்பு பொருந்திய பின்னும் கை முற்றாக நிமிரவில்லை. அவனுடைய இரண்டு பந்துகளை நடுவர் முறையற்றன என்று அறிவித்தார். ஆட்டம் முடிந்ததும் மாணவர் இரு கட்சியாகி என்னிடம் வந்தனர். ஒருவன் வீச்சாளனுக்குப் பின்னே நின்று கைத்தொலைபேசியிற் படம் பிடித்திருந்தான். மற்றொருவன் பக்கத்தே நின்று பிடித்திருந்தான். முதற்படத்திலே முழங்கை மடங்கி நிமிர்வது தெளிவாகத் தெரிந்தது. இரண்டாவதிலே கை முதலில் எவ்வாறு வளைந்திருந்ததோ அவ்வாறே இறுதிவரை இருந்தது. “சேர், எது உண்மை? நீங்களே சொல்லுங்க” என்றனர். இரண்டும் பொய் என்றேன். அவர்களுக்கு அது பிடிக்கவில்லை. எனக்கும் அவ்விடை முழுநிறைவு தரவில்லை.

விதி கூறுவதை நாம் செம்மையாக அறிந்துகொள்ளல் வேண்டும். வளைந்த கையினால் வீசுவது குற்றமன்று. கை தோளளவை அடைந்த வேளை தொடங்கிப் பந்து கையைவிட்டு நீங்கும் வேளைவரை, முழங்கை தானிருந்த வளைவினின்று நிமிர்தலே குற்றம். ஆகவே நடுவர் காணவேண்டியது ஒரு நிலையை அன்று. இரண்டு நிலைகளுக்கு இடைப்பட்ட மாற்றத்தை. அதுவும் ஓர் இமைப்பினுள்ளே.

இவ்வழக்கிலே உலகறிந்த எடுத்துக்காட்டு நம் நாட்டவர் ஒருவரே. கண்டியிற் பிறந்த முத்தையா முரளிதரன் 1995ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாள் மெல்பேண் மைதானத்தில் அவுஸ்திரேலியாவுக்கு எதிராக வீசியபோது, நடுவர் டரல் ஹெயர் அவருடைய பந்துகளில் ஏழினை முறையற்றன என்று அறிவித்தார். அணித்தலைவர் அர்ஜுன ரணதுங்க வீச்சாளரை மறுமுனைக்கு மாற்றினார். அம்முனையில் நின்ற நடுவர் ஸ்ரீவ் டன் ஒரு பந்தையேனும் குறைகூறவில்லை. அதே நாள், அதே கை, அதே வீச்சு. காண்பவர் மட்டுமே வேறு. நடுவர்களின் நேர்மையைப் பற்றி அன்று எத்தனையோ பேசப்பட்டது. ஆயினும் பௌதிகம் கற்பிப்பவனாகிய எனக்கு அச்செய்தியில் முதன்மையாகத் தோன்றுவது வேறொன்று: ஒரே இடத்தில் நிற்கும் ஒரு கண்ணுக்கு இக்கேள்விக்கு விடைகூறும் ஆற்றலே இல்லை என்பதுதான்.

இதனை மாணவர் தாமே செய்து பார்க்கலாம். ஒரு முழ நீளமுள்ள தடித்த கம்பியை நடுவிலே சிறிது வளையுங்கள். முரளிதரனுடைய முழங்கை பிறவியிலேயே அவ்வாறு அமைந்தது. வெயிலிலே கம்பியைப் பிடித்து அதன் நிழலை வெண்சுவரில் விழச்செய்து, கம்பியை அதன் நீளவாட்டிலே மெல்லச் சுழற்றுங்கள். ஒரு நிலையிலே நிழல் வளைந்து தோன்றும். கால்வட்டம் சுழன்றதும் அதே நிழல் நேர்கோடாகிவிடும். கம்பியோ சிறிதும் நிமிரவில்லை. படம் என்பதும் ஒருவகை நிழலே. மூன்று பரிமாணமுள்ள பொருளை இரண்டு பரிமாணமுள்ள தாளிலே வீழ்த்தியது அது. வீச்சாளனுடைய மேற்கை சுழலுந்தோறும் வளைந்த முழங்கையின் நிழல் நிமிர்வதுபோற் காட்டும். 2004ஆம் ஆண்டிலே முரளிதரன், முழங்கை அசைய இயலாதவாறு உருக்குக் கம்பி பொருந்திய உறையொன்றை அணிந்து அதே பந்துகளை வீசிக்காட்டினார். இங்கிலாந்திலே தொலைக்காட்சியில் அது காட்டப்பெற்றது. உருக்கினாற் பூட்டிய கையும் எறிவதுபோலவே தோன்றிற்று.

ஆதலின் ஒன்றுக்கு மேற்பட்ட கண் வேண்டும். வெவ்வேறு இடத்தினின்று பிடித்த இரண்டு படங்களில் ஒரே புள்ளியை அடையாளம் கண்டால், ஒவ்வொரு கமராவினின்றும் அப்புள்ளிக்கு ஒரு கோடு இழுக்கலாம். இரு கோடுகளும் வெட்டுமிடம் அப்புள்ளி வெளியிலே உண்மையாக இருக்குமிடம். நிலமளப்போர் முக்கோணங் கட்டித் தொலைவிலுள்ள கோபுரத்தின் இடத்தை அறிகின்ற அதே முறை. உடல் கமராவை மறைக்கும் ஆதலின் இரண்டு கமராக்கள் போதா. ஆறு, எட்டு, பன்னிரண்டு எனச் சுற்றிலும் நிறுத்துவர்.

‘கமரா’ என்றே எழுதுகின்றேன். அருகிலுள்ள காரைதீவு தந்த விபுலானந்த அடிகள், தாமே விஞ்ஞானம் பயின்று கற்பித்தவர், கலைச்சொல்லாக்கத்துக்கு உழைத்தவர். அவர் இருந்திருப்பின் இதற்கு நல்லதொரு சொல் வழங்கியிருப்பார். பாண்டிருப்பிலும் சாய்ந்தமருதிலும் கலியாண வீட்டுக்குப் படம் பிடிப்போர் வாயிலே வழங்குவது கமராவே ஆதலின் அதனையே கொண்டேன்.

கண்கள் பலவானால் வழக்குத் தீர்ந்ததா? இல்லை. கை தோளளவினின்று பந்தை விடும் நிலைக்கு வர ஒரு செக்கனிற் பத்திலொரு பங்கு ஆகின்றது என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். நம் நாட்டுத் தொலைக்காட்சி முறையிலே செக்கனுக்கு 25 படங்கள். எனவே அந்த வீச்சு முழுவதற்கும் கிடைப்பவை இரண்டு அல்லது மூன்று படங்களே. முழங்கை எந்த வேளையிலே மிக மடங்கியிருந்தது, எந்த வேளையிலே மிக நிமிர்ந்தது என்பன அப்படங்களுக்கு இடையேயுள்ள இருளில் மறைந்துபோகும். செக்கனுக்கு 50 ஆயின் ஐந்து படங்கள். 250 ஆயின் இருபத்தைந்து. முரளிதரனுடைய வீச்சை மேற்கு அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தார் மூன்று பரிமாணத்தில் ஆராய்ந்து 2000ஆம் ஆண்டிலே வெளியிட்ட கட்டுரையிற் கையாண்ட வேகம் செக்கனுக்கு 50. பிற்காலத்தில் இத்தகைய ஆய்வுகூடங்களிலே 250 என்னும் வேகம் வழமையாயிற்று. இந்த ஏற்றத்தினாலே விளைந்தது யாதென்பதைப் பின்னர்க் கூறுவேன். அவ்வேகத்தை எவ்வாறு அடைந்தனர் என்பதை முதலிற் காண்போம்.

முதற்றடை ஒளி. செக்கனுக்கு 250 படம் எடுக்கவேண்டுமாயின் ஒரு படத்துக்கு நான்கு மில்லிசெக்கன் மட்டுமே உண்டு. அதற்குமேல் கமராவின் மூடி திறந்திருக்க இயலாது. உண்மையில் அந்த நான்கும்கூட மிகுதி. கை செக்கனுக்கு 20 மீற்றர் வேகத்திற் செல்லுமாயின் நான்கு மில்லிசெக்கனில் 8 சதமமீற்றர் நகர்ந்துவிடும். படத்திலே கை இராது, கை சென்ற தடம் புகைபோல இருக்கும். இரண்டாயிரத்திலொரு செக்கன் மட்டும் திறந்தால் ஒரு சதமமீற்றரே நகரும். ஆனால் திறந்திருக்கும் நேரத்தை எட்டிலொன்றாகக் குறைத்தால் ஒளியை எட்டு மடங்காக்கவேண்டும். நம் கடற்கரையில் உச்சிவெயில் நூறாயிரம் இலக்சு வரை வரும்; விளக்கேற்றிய மண்டபத்திலே சில நூறு இலக்சுதான். வெயிலிலே கடன்வாங்காமற் செலவிடலாம், மண்டபத்துள்ளே முடியாது. அன்றியும் நம் மின்னோட்டம் செக்கனுக்கு 50 முறை ஊசலாடுவதால் விளக்குகள் பல 100 முறை மங்கிப் பிரகாசிக்கின்றன. கண் அதனை அறியாது. வேகமான கமரா அறிந்து, ஒரு படத்தை வெளிச்சமாகவும் மறுபடத்தை இருளாகவும் தரும். ஆய்வுகூடத்தார் இதற்குக் கண்ட வழி அழகானது. கமராவின் வில்லையைச் சுற்றிச் செந்நிறக்கீழ் ஒளிதரும் சிறு விளக்குகளை வளையமாக வைத்து, மூடி திறக்கும் கணத்தில் மட்டும் மின்னலடிக்கச் செய்வர். வீச்சாளனுடைய தோள், முழங்கை, மணிக்கட்டு ஆகிய இடங்களில் ஒட்டிய சிறு குண்டுகள், வந்த ஒளியை வந்த வழியே திருப்பியனுப்பும் பூச்சுடையவை. இரவிலே மோட்டார் வண்டியின் விளக்குப் பட்டு வீதிப்பலகை ஒளிர்வது போல அவை ஒளிரும், ஏனையவெல்லாம் இருளாகும்.

இரண்டாவது தடை பலருக்குப் புலப்படாதது. படம் எடுப்பது எளிது. எடுத்த படத்தைக் கமராவினின்று வெளியே கொண்டுவருவதுதான் அரிது. ஒரு படத்தில் 1920 நிரலும் 1080 நிரையும் உள எனின் 20 இலட்சத்துக்கு மேற்பட்ட புள்ளிகள். புள்ளிக்கு ஒரு பைற் வீதம் செக்கனுக்கு 250 படமாயின், ஒரு கமராவிலிருந்து மட்டும் 51 கோடி பைற்றுகளுக்கு மேல் ஒவ்வொரு செக்கனும் பாயவேண்டும். பன்னிரண்டு கமராக்களுக்கு 622 கோடி. சாதாரண கணினி வலையமைப்பின் கிகாபிற் வடமோ செக்கனுக்கு 12½ கோடி பைற்றுக்கு மேற் சுமக்காது. கமரா எவ்வளவு விரைவாகக் கண் திறந்து மூடினும், அந்த வடத்தின் வழியே 60 படம்தான் வரும். வாய்க்கால் சிறுத்தால் குளம் நிறைந்தும் வயல் காயும் என்பதை அம்பாறை மாவட்டத்தார்க்கு நான் சொல்லவேண்டியதில்லை.

இங்கே செய்யக்கூடியவை சில உள. படத்தின் உயரத்தைக் குறைக்கலாம். பெரும்பாலான கமராக்களிலே ஒளியுணர்தகடு நிரை நிரையாக வாசிக்கப்படுதலால், 1080 நிரைகளுக்குப் பதிலாக 270 நிரைகளை மட்டும் கேட்டால் அதே வடத்திலே 240 படம் வரும். அகலத்தைக் குறைத்தாற் பலவற்றில் இப்பயன் முழுமையாகக் கிடைக்காது. கமராவைப் பக்கவாட்டில் திருப்பிவைத்துப் பயன்கொள்வாரும் உண்டு. இன்னொன்று, படத்தை உடனே தட்டிலே பதியாமற் கணினியின் நினைவகத்தில் நிறைத்துக்கொண்டு, வீச்சு முடிந்த பின் ஆறுதலாகப் பதிதல். வீச்சு இரண்டு செக்கன்தானே. ஆயினும் எல்லாவற்றிலும் சிறந்தது வேண்டாததை வீசிவிடுதல். ஒளிர்குண்டுகள் மட்டுமே தெரியும் படத்திலே நமக்கு வேண்டியவை அக்குண்டுகளின் இடங்களே. கமரா தானே அவற்றின் நடுப்புள்ளிகளைக் கணித்து, அவ்வெண்களை மட்டும் அனுப்பினால் என்ன? இருபது குண்டுகளுக்கு, குண்டுக்குப் பன்னிரண்டு பைற் வீதம், செக்கனுக்கு 250 முறை அனுப்பினும் அறுபதினாயிரம் பைற்றுதான். முழுப்படத்தோடு ஒப்பிட்டால் எண்ணாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆய்வுகூடக் கமராக்கள் வேகம் பெற்றது பெரும்பாலும் இவ்வாறே.

மூன்றாவது, காலவொருமை. வழக்கின் உயிர்நிலை இதுவே என்பது என் கருத்து. கரைவலை இழுப்பதைப் பாராதவர் நம் கரையோரத்தில் இரார். இரு கயிற்றிலும் ஆட்கள் நிற்பர். ஒரு குரல் எழும். அக்குரலுக்கு இரு வரிசையும் ஒன்றாக இழுக்கும். ஒரு வரிசை முந்தினால் வலை கோணி மீன் போய்விடும். பல கமராக்களையும் அவ்வாறு ஒரே ஏவற்குறியால் இயக்கவேண்டும். ஒவ்வொரு கமராவும் தன் கடிகாரத்தையே நம்புமாயின், தொடக்கத்தில் ஒன்றாக நின்றவையும் சில நிமிடங்களில் விலகிப்போகும்.

விலகினால் என்ன கெடும்? கணக்கிட்டுப் பார்ப்போம். மணிக்கட்டு முழங்கையைக் காட்டிலும் செக்கனுக்கு 10 மீற்றர் மிகுதியான வேகத்திற் செல்கின்றது என்க. ஒரு கமரா மற்றதற்கு இரண்டு மில்லிசெக்கன் பிந்தினால், மணிக்கட்டின் இடம் முழங்கையை நோக்க 2 சதமமீற்றர் வரை பிழைபடலாம். முன்கையின் நீளம் 25 சதமமீற்றர் ஆயின், அப்பிழை கோணத்திலே நாலரைப் பாகைக்கு மேல். சுழற்பந்து வீச்சாளர் முழங்கையை 5 பாகை வரையே நிமிர்த்தலாம் என்று சர்வதேச கிரிக்கெற் சபை ஒருகாலத்தில் வரையறுத்திருந்தது. கமராக்களின் இரண்டு மில்லிசெக்கன் சோம்பல் அந்த எல்லை முழுவதையும் விழுங்கிவிடும்! வீச்சாளன் செய்யாத குற்றத்தைக் கருவி செய்துவிட்டு அவன்மேற் சுமத்தும். ஒரு பாகைக்குள் அளக்க வேண்டுமாயின் எல்லாக் கமராக்களும் அரை மில்லிசெக்கனுக்கும் குறைந்த வேறுபாட்டுள் ஒன்றுபடல் வேண்டும்.

இனி, வேகமும் ஒருமையும் ஒன்றையொன்று பகைப்பன என்பதையும் அறிதல் வேண்டும். தனித்து ஓடும் கமரா, ஒரு படத்தை வாசித்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த படத்துக்காக மூடியைத் திறந்துவிடும். வாசிக்க நான்கு மில்லிசெக்கனும் ஒளிபெற இரண்டும் ஆயின், இரண்டும் ஒருங்கே நடப்பதால் நான்குக்கு ஒரு படம் கிடைக்கும், செக்கனுக்கு 250. அதே கமராவை வெளியேவலுக்குக் காத்திருக்கும்படி அமைத்தாற் பலவகைக் கமராக்கள் இவ்வழக்கத்தைக் கைவிட்டு, முந்திய படத்தை வாசித்து முடித்த பின்பே அடுத்த ஏவலை ஏற்கும். அப்பொழுது ஒரு படத்துக்கு ஆறு மில்லிசெக்கன். வேகம் 166 ஆகிவிடும். இடையில் வந்த ஏவலைக் கமரா கேளாதது போல விட்டுவிடுவதும் உண்டு. ஆகவே பல கமராத் தொகுதி ஒன்று எதிர்பார்த்த வேகத்திற் பாதியே தருமாயின், புதிய கமரா வாங்குவதற்கு முன், ஒளிபெறுதலும் வாசித்தலும் ஒருங்கு நடக்கின்றனவா, கணினி ஒவ்வொரு கமராவாகக் கேட்டுக் கேட்டு நிற்கின்றதா, ஒரேயொரு மந்தமான கமரா எல்லாவற்றையும் தடுக்கின்றதா என்று பார்த்தல் வேண்டும். கரைவலையிலே களைத்த ஒருவனுக்காக வரிசை முழுவதும் நிற்பது போலத் தொகுதியின் வேகம் அதிலே மிக மெதுவான உறுப்பின் வேகமே.

கமராக்களை ஒன்றாக அன்றி, வேண்டுமென்றே ஒன்றன்பின் ஒன்றாக இயக்குவதும் ஒரு முறை. அதுவே பழைய முறை. 1878ஆம் ஆண்டு கலிபோர்ணியாவிலே பாலோ ஆல்ற்றோ என்னுமிடத்தில், லீலன்ட் ஸ்ரான்போர்ட் என்னும் செல்வருடைய குதிரைப்பண்ணையிலே, எட்வேட் மைபிரிட்ஜ் என்பார் பன்னிரண்டு கமராக்களை வரிசையாக வைத்து, ஓடுங் குதிரை நூல்களை அறுக்குந்தோறும் ஒவ்வொன்றாக இயங்கச் செய்தார். குதிரையின் நாற்காலும் ஒருங்கே நிலத்தைவிட்டெழும் கணமுண்டு என்பது அவ்வாறு நிலைநாட்டப்பட்டது. ஒரு கமராவுக்கு அன்று ஒரு படமே இயலும். பன்னிரண்டு சேர்ந்தபோது அவை வேகமான ஒரு கமராவாயின. அவர் பின்னர்ப் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் பக்கம், முன், பின் என வெவ்வேறு திசையில் கமரா வரிசைகளை நிறுத்தி, ஒரே அசைவைப் பல கோணத்திலும் பிடித்தார். 1887இல் வெளியான 781 தகடுகள் கொண்ட அத்தொகுப்பிலே கிரிக்கெற் வீச்சாளரும் இடம்பெற்றுளர் என்பது நமக்குச் சுவையான செய்தி. அக்குதிரைப்பண்ணை நிலத்தில் எழுந்த ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தார் 2004இலே, செக்கனுக்கு 30 படம் மட்டும் எடுக்கும் மலிவான கமராக்கள் 52ஐ நெருக்கமாக அடுக்கி, அவற்றைச் சமமாகப் பிந்தவைத்துச் செக்கனுக்கு 1560 படம் பெற்றனர். பணமில்லாதவர்க்கு இது நல்வழி. ஆனால் ஒரே திசையிற் பார்க்கும் கமராக்களுக்கே இது முழுப்பயன் தரும். சுற்றிலும் நின்று மூன்று பரிமாணம் அளக்க முற்பட்டால் ஒருமையை இழந்தவராவோம்.

வேகம் ஏறியதால் விளைந்தது யாது என்பதைக் கூறுவதாகச் சொன்னேன். 1996இல் மேற்கு அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகத்திலும் ஹொங்கொங் விஞ்ஞான தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் நடந்த ஆய்வுகள், முரளிதரனுடைய எறிதற்றோற்றம் கட்புல மயக்கமே என்று கூறின. 1999இல் அடிலெயிட் நகரிலே நடுவர் றொஸ் எமர்சன் மீண்டும் குற்றங் கண்டார். மயக்கம் என்று ஆய்வாளர் கூறியதனாலே கண் மயங்காதிருக்குமா? 2004இல் ‘தூஸ்ரா’ என்னும் அவருடைய மறுபக்கச் சுழற்பந்து ஐயத்துக்குள்ளாயிற்று. மேற்கு அவுஸ்திரேலியாவில் அளந்தபோது முழங்கை சராசரி 14.2 பாகை நிமிர்ந்தது; திருத்தப் பயிற்சியின் பின் அது 10.2 ஆயிற்று. 5 பாகை எல்லையை அது கடந்ததே. நான் இதனை மறைக்க விரும்பவில்லை. நம்மவர் என்பதற்காக அளவுகோலை வளைத்தல் ஆகாது.

ஆனால் அதே ஆண்டிலே சாம்பியன்ஸ் கிண்ணப் போட்டியில் ஆடிய வீச்சாளரையும் ஆராய்ந்தபோது, ஏறக்குறைய எல்லோரும், யாரும் ஒருபொழுதும் ஐயுறாத வேகப்பந்து வீச்சாளர்கூட, முழங்கையைச் சில பாகையாவது நிமிர்த்துகின்றனர் என்பது வெளிப்பட்டது. நேரான கை என்று நூறாண்டுக்கு மேலாக நம்பியது மெதுவான கண்ணின் நம்பிக்கையே. முன்பு வேகப்பந்துக்கு 10, நடுத்தர வேகத்துக்கு 7½, சுழற்பந்துக்கு 5 எனப் பகுத்திருந்த எல்லைகளை நீக்கி, 2005 மார்ச் முதலாம் நாள் தொடக்கம் யாவர்க்கும் 15 பாகை என்று சபை வகுத்தது. முரளிதரனுக்காக விதியை மாற்றினர் என்பாரும் உளர். உண்மையைச் சொன்னால், பழைய விதியின்படி அளந்திருந்தாற் குற்றமற்ற வீச்சாளர் மிகச் சிலரே எஞ்சியிருப்பர். 2010 ஜூலை 22ஆம் நாள் காலியிலே தம் 800ஆவது விக்கெற்றை வீழ்த்தி அவர் தெஸ்ற் ஆட்டத்தினின்று ஓய்வுபெற்றார்.

இனி நம்மூர்ச் சிறுவனிடம் வருவோம். மாணவரும் நானும் மூன்று கைத்தொலைபேசிகளைத் திரட்டினோம். மூன்றும் செக்கனுக்கு 240 படம் எடுப்பவை. சாய்ந்தமருதிலிருந்து கலியாணப் படம் பிடிக்கும் நண்பர் ஒருவர் உதவிக்கு வந்தார். மாணவர் அவரைக் ‘காக்கா’ என்றே அழைப்பர். பல கமராக்களின் படங்களைக் காலத்திற் பொருத்த, தொடக்கத்திலே ஒருமுறை கைதட்டி, அவ்வோசையைக்கொண்டு பொருத்துவதே அவர் தொழிலில் வழக்கம். அவ்வாறே செய்தோம். கணக்கு முடிந்தபோது சிறுவனுடைய முழங்கை 25 பாகைக்கு மேல் நிமிர்வதாக வந்தது. அவன் ஒன்றும் பேசாமற் பந்தை எடுத்துப் பையிலே வைத்துக்கொண்டான்.

பிழை என்னுடையது. இரவு நெடுநேரம் சென்றபின்பே அது தெரிந்தது. ஒலி செக்கனுக்கு 340 மீற்றரே செல்லும். கைதட்டியவருக்கு ஒரு கைத்தொலைபேசி 4 மீற்றரிலும் மற்றது 18 மீற்றரிலும் இருந்தன. பதினான்கு மீற்றர் கடக்க ஒலிக்கு 41 மில்லிசெக்கன் ஆகின்றது; 240 வேகத்திலே அது பத்துப் படம். கலியாண மண்டபத்திலே மாலை மாற்றும் படத்தில் அவ்வளவு பிந்தினால் யாருக்கும் தெரியாது. வீச்சிலோ பாதிக்குக் கிட்டிய பங்கு போய்விடுகின்றது. நண்பரிடம் இதைக் கூறியபோது, “சேர், அப்ப வெளிச்சத்தால தட்டுவோம்” என்றார்.

அவ்வாறே பத்துச் சிறு மின்விளக்குகளை ஒரு பலகையில் வரிசையாகப் பொருத்தி, ஒவ்வொன்றும் ஒரு மில்லிசெக்கன் வீதம் ஒன்றன்பின் ஒன்றாக எரியும்படி சிறு மின்சுற்றொன்றைச் செய்தோம். மூன்று படங்களிலும் பலகை தெரியும். எந்த விளக்கு எரிகின்றது என்று பார்த்தால், ஒவ்வொரு படமும் எந்த மில்லிசெக்கனுக்கு உரியது என்பது தெரிந்துவிடும். கைத்தொலைபேசிகளை ஒரே ஏவலால் இயக்க இயலாது. ஆதலின் அவற்றின் படங்கள் தம்முள் இரண்டு மில்லிசெக்கன் வரை விலகியே நிற்கும். ஆயினும் விலகலின் அளவு தெரிந்தால், அடுத்தடுத்த இரு படங்களுக்கு இடையே மணிக்கட்டு எங்கிருந்திருக்கும் என்று கணித்துப் பொருத்திக்கொள்ளலாம். இன்னுமொரு தொல்லை: கைத்தொலைபேசி ஒரு படத்தின் மேல்நிரையை முந்தியும் கீழ்நிரையைப் பிந்தியும் வாசிக்கின்றது. எனவே பலகையைப் படத்திலே கை இருக்கும் உயரத்துக்கு அண்மையிலே வருமாறு கம்பத்திற் கட்டினோம். வேளை நண்பகல், மூடி திறந்திருக்கும் நேரத்தை மிகக் குறைத்தோம்.

சிறுவனை மீண்டும் அழைத்து இருபது பந்து வீசச் செய்தோம். அவற்றிலே பதினான்கின் படங்கள் அளக்கத்தக்கனவாக இருந்தன. முழங்கை தொடக்கத்திலிருந்தே வளைந்திருந்தது. நிமிர்வு சில பந்துகளில் 8 பாகையாகவும் சிலவற்றில் 13 பாகையாகவும் வந்தது. எங்கள் கருவியின் பிழை மூன்று நான்கு பாகை இருக்கும் ஆதலின், அவன் 15 பாகைக்கு உட்பட்டவன் என்று நான் சான்றிதழ் எழுதித்தர இயலாது, எழுதவுமில்லை. 25 பாகை என்று முதலிற் கூறியது பொய் என்று மட்டும் அவனுக்கும் அவன் பயிற்றுநருக்கும் எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்தேன்.

பலகை இப்பொழுது விஞ்ஞான ஆய்வுகூடத்து அலுமாரியில் உளது. ஏழாவது விளக்கு எரிவதில்லை. அதனை மாற்றிக்கொண்டு, நாலாவது கைத்தொலைபேசியை வீச்சாளனுடைய முன்புறத்தே நிறுத்திப் பார்க்க விரும்பும் மாணவர் என்னிடம் திறவுகோலைக் கேட்கலாம்.